இடுப்பு வலி: ஸ்டார்ட் பேக் மதிப்பெண் போட்டாச்சு, அதுக்கப்புறம் யாருக்கு என்ன செய்யறது?

குடியாத்தம்_பிசியோ:

வணக்கம். இடுப்பு வலின்னு வர்றவங்களை ஸ்டார்ட் பேக் ஒன்பது கேள்வித் தாளை வெச்சு குறைந்த, நடுத்தர, உயர் ஆபத்துன்னு மூணாப் பிரிக்க ஆரம்பிச்சாச்சு. பிரிக்கறது சுலபமா இருக்கு. பிரிச்ச பிறகுதான் கை ஓடல.

வர்றவங்கள்ல பாதிக்கு மேல பீடி சுத்தற பெண்கள். அப்புறம் தறிக்காரங்க, ஆம்பூர் ஷூ கம்பெனியில அப்பர் (ஷூவோட மேல் பாகம்) தைக்கறவங்க, செங்கல் சூளை ஆட்கள். வேர்க்கடலை புடுங்கற நேரத்துல கூட்டம் இன்னும் ஏறும். இதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்: பத்து நாள் ஐ.எஃப்.டி. (வலி குறைய வைக்கற கரன்ட் மெஷின்), ஒத்தடம், அச்சடிச்ச பயிற்சித் தாள், ஒரு பெல்ட். சிலர் மூணாம் நாளே சரியாகியும், ‘பத்து நாள்னு சொன்னாங்களே’ன்னு வேலையை விட்டுட்டு பஸ் புடிச்சு வர்றாங்க. சிலர் இருபது நாள் படுத்தும் அதே வலியோட எழுந்து போறாங்க.

எனக்குப் புரியாதது இதெல்லாம். குறைந்த ஆபத்துன்னு வந்தவரை ஒரே நாள்ல அனுப்பச் சொல்லுது முறை. ‘மெஷினே வைக்கலியே’ன்னு கோவிச்சுக்கிட்டு கட்டு கட்டறவர்கிட்ட போயிடுவாரே? உயர் ஆபத்துக்காரருக்கு 45 நிமிஷம்னா, அந்த 45 நிமிஷத்துல கையை வெச்சு என்னதான் செய்யறது? கேள்வியை வாசிச்சுக் காட்டினா எல்லாத்துக்கும் ‘ஆமாங்க சார்’னு தலையாட்டறாங்களே, அதை எப்படிச் சரி பண்றது? காலையில நாலு மணி நேரம், ரெண்டு கட்டில், ஒரே ஆள். இதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

---

பாலாறு_முதுகு:

முதல்ல கூட்டல் சரியா நடக்குதான்னு பாத்துடுங்க தம்பி, ஏன்னா அதிகம் தப்பு நடக்கற இடம் அதுதான். ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 அல்லது 1. முதல் நாலு உடம்பைப் பத்தினது: கால்ல இறங்கற வலி, தோள்-கழுத்து வலி, நடக்கற தூரம் சுருங்கினது, துணி உடுத்த நேரம் ஆகறது. 5 முதல் 9 வரை மனசைப் பத்தினது: உடம்பை அசைச்சா ஆபத்துங்கற பயம், ஓயாத கவலை, இது தீரவே தீராதுங்கற எண்ணம், பிடிச்ச விஷயத்துல பிடிப்பு போனது, மொத்தத்துல எவ்வளவு தொந்தரவு. ஒன்பதாவதுக்கு மட்டும் ஐந்து படி உண்டு. மேல் ரெண்டு படிக்குத்தான் 1.

மொத்தம் 3 வரைக்கும் குறைந்த ஆபத்து. 4-ம் அதுக்கு மேலயும் வந்தா, 5–9 துணைக்கூட்டலைத் தனியா பாருங்க. அது 3-க்குள்ள இருந்தா நடுத்தரம். 4 அல்லது 5 ஆனா உயர் ஆபத்து. மொத்தம் 7 வந்த உடனே ‘ஹை’ன்னு எழுதிடறாங்க பல பேர். 7-ல துணைக்கூட்டல் 3-ன்னா அவர் நடுத்தரம்தான். மொத்தம் 5 வந்து அதுல 4 துணைக்கூட்டல்னா அவர்தான் உயர் ஆபத்து. 7 வாங்கினவர் நொண்டிக்கிட்டு வருவார், 5 வாங்கினவர் நிமிர்ந்து நடந்து வருவார். கண்ணை நம்பினா ரெண்டு பேருக்கும் மாத்தி வைத்தியம் ஆகும்.

‘ஆபத்து’ன்னா இங்க நோய் முத்திடுச்சுன்னு அர்த்தமே இல்ல. வலி நாள்பட்டு, ஆளை வேலை செய்ய விடாம முடக்கிப் போடற வாய்ப்பு எவ்வளவுங்கறதுதான். அதனால ஓ.பி. சீட்டுல ‘ஹை ரிஸ்க்’னு சிவப்பு மையில எழுதவே எழுதாதீங்க. நம்ம ஊர்ல அந்த ரெண்டு வார்த்தையை கர்ப்பிணி அட்டையில பாத்துப் பாத்து வீட்டுக்கே பயம் புடிச்சுக்கும். அ, ஆ, இ-ன்னு குறிச்சுக்கங்க போதும்.

இப்ப குறைந்த ஆபத்துக்காரர். ஒரே நாள்ல அனுப்பலாம், ஆனா வெறும் வாய்ல அனுப்பக் கூடாது. மெஷின் வைக்கலன்னு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கை வெச்சுப் பாக்கலன்னாதான் கோவிச்சுப்பாங்க. இவருக்கு அந்தப் பரிசோதனைதான் வைத்தியம். 30 நிமிஷம் இப்படிப் போகட்டும்:

முதல் எட்டு நிமிஷம் அவர் பேசட்டும். அடுத்த பத்து நிமிஷம் முழுசா பரிசோதனை. குதிகால்ல நடக்கச் சொல்லுங்க, நுனிக்கால்ல நடக்கச் சொல்லுங்க, கட்டை விரலை மேல தூக்கச் சொல்லி அமுக்கிப் பாருங்க, முட்டியிலயும் குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாண்லயும் சுத்தியல் தட்டுங்க, படுக்க வெச்சு காலை நேரா தூக்குங்க, முதுகெலும்பு ஒவ்வொண்ணா விரலால தட்டிப் பாருங்க. பாக்கும்போதே சத்தமா சொல்லிக்கிட்டே போகணும்: ‘காலுக்குப் போற நரம்பு நல்லா வேலை செய்யுதுங்க. பலம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. எலும்பு மேல தட்டினா வலி இல்ல.’ கடைசியில மொத்தமா ‘ஒண்ணும் இல்ல, போங்க’ன்னு சொன்னா, ‘இவருக்குத் தெரியல’ன்னுதான் காதுல விழும். என்ன இல்லன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லணும்.

மிச்ச பன்னெண்டு நிமிஷம் அவர் வேலைக்கு ஏத்த மாதிரி ரெண்டே ரெண்டு மாத்தம். பீடிக்காரம்மாவுக்கு ‘ரெஸ்ட் எடுங்க’ன்னு சொல்றது வீண், ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவங்க. நாலு அங்குல மணை போட்டு அது மேல குந்தச் சொல்லுங்க, இடுப்பு முட்டியை விட ஏறி நிக்கும். முறத்துக்கு அடியில ஒரு தலைகாணி, அப்ப இலையைத் தேடி குனிய வேண்டாம். முதுகு செவுத்துல சாயட்டும். ஐம்பது பீடி ஆனதும் எழுந்து, இடுப்புல கை வெச்சு அஞ்சு தடவை பின்னால வளையணும். கடிகாரம் பாத்து எழுந்திருங்கன்னா நடக்காது, பீடி எண்ணிக்கையோட கட்டிவிட்டா நடக்கும். கூட, காலை மாலை பத்துப் பத்து நிமிஷம் நடை. பெல்ட் வேண்டாம். பயிற்சித் தாள்ல ஒன்பது படம் இருந்தா எட்டை அடிச்சுட்டுக் குடுங்க.

முடிக்கும்போது, எப்ப திரும்பி வரணும்னு ஒரு துண்டுச் சீட்டு: ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டா, உக்கார்ற இடம் மரத்துப்போனா, காலோட பலம் குறைஞ்சா அன்னைக்கே. மத்தபடி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன். அந்த போன் வரும்னு தெரிஞ்சா முக்கால்வாசி பேர் வேற இடம் தேட மாட்டாங்க.

நடையைச் சும்மா போகிற போக்குல சொல்லாதீங்க. ஆஸ்திரேலியாவுல 701 பேரை வெச்சு செஞ்சு 2024-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு இருக்கு. வலி தீர்ந்தவங்களுக்கு, பிசியோ வழிகாட்டி ஆறு மாசத்துல படிப்படியா நடையை ஏத்திவிட்டாங்க. இலக்கு வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம். திரும்ப வலி வந்து தொந்தரவு பண்ற நாள் நடுக்கணக்கா 208-க்குப் போச்சு. நடக்காத கூட்டத்துல 112 நாள். செலவு ஒரு ஜோடி செருப்பு.

---

ஆம்பூர்_மருத்துவர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் தாளை நீட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் வேறு வேலை இருக்கிறது. இந்த ஒன்பது கேள்வியும் சாதாரண இடுப்பு வலிக்கானவை. முதுகெலும்புக் காசநோய் உள்ளவர் இதில் 2 மதிப்பெண் வாங்கிவிட்டு, ‘குறைந்த ஆபத்து’ என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போய்விடலாம். காசநோய் அதிகம் உள்ள நாட்டில் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை: சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி, வீட்டில் யாருக்காவது டி.பி. மருந்து. முதுகைத் திறந்து பாருங்கள், புடவைக்கு மேலே தடவிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. ஒரே ஒரு முள்ளெலும்பு மட்டும் புடைத்து நின்றாலோ, தட்டினால் அங்கே மட்டும் துள்ளினாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஆடு மாடு வளர்ப்பவர், பச்சைப் பால் குடிப்பவர் என்றால், கால்நடையிலிருந்து தொற்றும் புரூசெல்லோசிஸ் நோயும் நினைவில் இருக்கட்டும்.

வயதான அம்மா வழுக்கி உட்கார்ந்த பிறகு வந்த வலி என்றால் எலும்பு அமுங்கியிருக்கலாம். அவரிடம் ‘மூட்டு வலிக்குப் பேர் தெரியாத பொடியோ மாத்திரையோ நாள்கணக்கில் சாப்பிட்டீர்களா’ என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எலும்பு கரைந்துபோயிருக்கும். பழைய புற்றுநோய் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முன்பக்கம் இறங்கி, ஆளை ஒரு நிலையில் இருக்க விடாமல் புரட்டும் வலி சிறுநீரகக் கல். அதற்கு இந்தத் தாளே தேவையில்லை.

மருந்து பற்றி. பாராசிட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதால் இடுப்பு வலி சீக்கிரம் தீர்வதில்லை. இபுப்ரோஃபென் 400 மி.கி., சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு மூன்று வேளைக்கு மிகாமல், ஐந்து முதல் ஏழு நாள் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தால் அதுவும் வேண்டாம். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி தாண்டும் வெயிலில், சூளையில் நின்று தண்ணீர் வற்றிய உடம்போடு வருபவருக்கு இந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ‘இன்று எத்தனை முறை ஒண்ணுக்குப் போனீர்கள், என்ன நிறம்’ என்று கேட்டுவிட்டுத்தான் நான் எழுதச் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ. உறையோடு வருபவர்கள் தனி ரகம். ‘நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஜவ்வு விலகிடுச்சாம்’ என்பார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கல் இருந்தது. 40 வயதில் 50 சதவீதம். 80 வயதில் 84 சதவீதம். முடி நரைப்பது போல என்று விளக்குங்கள். ஆனால் ஸ்கேனை வாங்காமலே ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று ஒதுக்காதீர்கள். உறையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு சொல்லுங்கள். கடன் வாங்கி எடுத்த படம் அது.

---

கணக்குப்புலி_காட்பாடி:

கொஞ்சம் எதிர்ப்பேச்சும் இருக்கட்டும். இந்த முறைக்கு ஆதாரமா எல்லாரும் காட்டறது 2011 லான்செட் ஆய்வு. இங்கிலாந்துல கீல் பல்கலைக்கழகத்தார் செஞ்சது, 851 பேர். இடுப்பு வலி ஆளை எவ்வளவு முடக்குதுன்னு பாக்கற, 24 மதிப்பெண் கொண்ட ரோலண்ட்–மோரிஸ் அளவுல நாலு மாசத்துல, பிரிச்சு வைத்தியம் பாத்தவங்களுக்கு 4.7 குறைஞ்சது, வழக்கமான வைத்தியத்துல 3.0. பன்னெண்டாம் மாசம் 4.3-க்கு 3.3. வித்தியாசம் உண்டு, ஆனா மலையளவு இல்ல. அதுல ஆளுக்கு 34 பவுண்டு செலவும் மிச்சமாச்சுங்கறதுதான் எனக்குப் பெரிசாப் படுது.

அதே முறையை அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல செஞ்சு 2018-ல வெளியிட்டாங்க. பலன் பூஜ்யம். ஏன்னு பாத்தா, டாக்டருங்க பாதிப் பேர்கிட்டதான் தாளையே நீட்டியிருக்காங்க. நீட்டினவங்களும் மதிப்பெண்ணைப் பாத்துட்டு பழைய வைத்தியத்தையே எழுதியிருக்காங்க. 2021-ல அமெரிக்காவுலயே இன்னொண்ணு, உயர் ஆபத்துக்காரங்களை மட்டும் எடுத்து, மனசையும் சேத்துப் பாக்கற பிசியோவுக்கு அனுப்பினாங்க. வலி நாள்படறது குறையல.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கறது: தாள் ஆளை குணமாக்காது. குறைந்த ஆபத்துக்காரருக்கு நெஜமாவே குறைச்சாத்தான், உயர் ஆபத்துக்காரருக்கு நெஜமாவே வேற மாதிரி செஞ்சாத்தான் பலன். மூணு பேருக்கும் அதே கட்டில், அதே ஐ.எஃப்.டி.-ன்னா ஒன்பது கேள்விக்கு ஆன பேப்பர் செலவுதான் மிச்சம்.

இப்ப உங்க நேரக் கணக்கு. கணக்குக்காக வாரம் 14 புது ஆள்னு வெச்சுக்கலாம்: 6 குறைந்தது, 5 நடுத்தரம், 3 உயர்ந்தது. 6 பேருக்கு ஒரு தடவை 30 நிமிஷம், 180. 5 பேருக்கு ஆறு தடவை 30 நிமிஷம், 900. 3 பேருக்கு ஆறு தடவை 45 நிமிஷம், 810. மொத்தம் 1,890 நிமிஷம், 31½ மணி நேரம். பழைய முறையில 14 பேருக்குப் பத்து நாள் 20 நிமிஷம்னா 2,800 நிமிஷம். காகிதத்துல லாபம்தான். ஆனா ஒரு ஓட்டை இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மெஷின் வெச்சுட்டு அந்தப் பக்கம் இன்னொருத்தரைப் பாக்கலாம். 45 நிமிஷப் பேச்சு அப்படி இல்ல. பழைய 2,800-ல உங்க கை நேரம் பாதி கூட இருக்காது.

அதனால ஒரு நாளைக்கு ஒரே ஒரு 45 நிமிஷ இடம், அதுவும் கூட்டம் கலைஞ்ச பிறகு பன்னெண்டேகாலுக்கு. காலையில எட்டரைக்கு வெச்சீங்கன்னா வெளியில நாப்பது பேர் நிக்கற சத்தத்துல நீங்களும் கேக்க மாட்டீங்க, அவங்களும் சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ஆறு இடம். ஒரு ஆளுக்கு வாரம் ஒரு தடவைன்னா ஒரே சமயத்துல ஆறு உயர் ஆபத்துக்காரங்களைத் தாங்கலாம். ஏழாவது ஆள் காத்திருக்கட்டும், ஆனா சும்மா காத்திருக்கக் கூடாது, நடையைத் தொடங்கிட்டுக் காத்திருக்கட்டும்.

---

வாணியம்பாடி_இயன்முறை:

‘ஆமாங்க சார்’ பிரச்சினைக்கு வர்றேன், அதுதான் அடிப்படை. ஆமாவா இல்லையான்னு கேக்காதீங்க. ரெண்டையும் சம எடையில வைங்க: ‘வீட்டு வேலை செஞ்சா இடுப்புக்கு நல்லதுன்னு தோணுதா, இல்ல கெடுதல்னு தோணுதா?’ அப்படிக் கேட்டா யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். நடக்கற தூரத்தை மீட்டர்ல கேக்காதீங்க. ‘முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்பீங்களா? இப்ப எதுவரைக்கும்?’ துணி உடுத்தற கேள்வியில லுங்கி கட்டற ஆம்பளைங்க எல்லாருமே ‘இல்ல’ன்னுடுவாங்க, லுங்கிக்கு எங்க குனியணும்? அவங்ககிட்ட பேன்ட், சாக்ஸ் போடறதை வெச்சுக் கேளுங்க. கேள்வியோட பொருளை மாத்தாதீங்க, உதாரணத்தை மட்டும் மாத்துங்க. பொருளே மாறிட்டா 3, 4-ங்கற அந்த வெட்டுக்கோடு செல்லாது.

எட்டாவது கேள்விதான் நம்மகிட்ட திணறும். ‘முன்ன மாதிரி சந்தோஷமா இருக்கீங்களா’ன்னா, ‘எங்கம்மா சந்தோஷம்’னு சிரிப்பாங்க. வலி வர்றதுக்கு முன்னாடி அவங்களே விரும்பிச் செஞ்ச ஒண்ணைக் கேளுங்க: சீரியலா, பேரப்புள்ளையா, அம்மா வீட்டுக்குப் போறதா, சாயங்காலம் திண்ணையில பேசறதா. அதுல பிடிப்பு போயிருந்தா 1. மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்துல நின்னா 6, 7, 8-க்கு நேர்மையான பதில் வராது. ‘எடை பாக்கணும், நீங்க வெளிய உக்காருங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டுக் கேளுங்க. பீடி, தையல் ஆட்களுக்கு ரெண்டாவது கேள்வி கிட்டத்தட்ட எப்பவும் 1 வரும், கழுத்து குனிஞ்சே வேலை; அதைப் பாத்து மலைக்க வேண்டாம்.

இப்ப அந்த 45 நிமிஷம். ஆறு தடவை வர்றாங்கன்னு வெச்சுக்கங்க.

முதல் தடவை நீங்க பேசவே கூடாது, பரிசோதனை தவிர. ‘இது எதனால வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?’ ‘எதுல போய் முடியும்னு பயம்?’ ‘வலி வந்தா என்ன பண்றீங்க?’ ‘வீட்டுல என்ன சொல்றாங்க?’ ‘தூக்கம் எப்படி?’ இந்த அஞ்சு போதும். நம்ம பக்கம் வர்ற பதிலுங்க திரும்பத் திரும்ப ஒண்ணாவே இருக்கும்: எலும்பு தேஞ்சுபோச்சு, வாயு புடிச்சுகிச்சு, வெள்ளைப்படறதால உடம்பு உருகுது, ‘ஆபரேஷன் பண்ணி கொழந்த எடுக்கும்போது முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைலேர்ந்துதான்’. கடைசியா சொன்னதை நாளுக்கு நாலு தடவை கேப்பீங்க. ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ன்னு வெட்டினீங்கன்னா அதோட போச்சு. அந்த ஊசி அரை மில்லிமீட்டர் பருமன், போட்ட ஓட்டை தானா மூடிக்கும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற முதுகு வலி ஊசி போடாதவங்களுக்கும் அதே அளவு வருதுன்னு ரெண்டாவது தடவை, அவங்க அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கும்போது சொல்லுங்க. வெள்ளைப்படுதல்னு சொன்னா அதை ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வரச் சொல்லுங்க. நாம ஒதுக்கினதா ஆகக் கூடாது.

ரெண்டாவது தடவை விளக்கம். நாள்பட்ட வலிக்கு, நிலம் நீச்சு உள்ளவங்ககிட்ட எடுபடறது போர் மோட்டார். மோட்டார் நல்லாத்தான் இருக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் ரொம்ப நுணுக்கமா செட் ஆகி, லேசா வோல்டேஜ் ஆடினா கூட ட்ரிப் ஆகும். மோட்டாரைக் கழட்டிப் பிரயோஜனம் இல்ல, ஸ்டார்ட்டரைத்தான் மெதுவா பழைய அளவுக்குக் கொண்டுவரணும். வலி பொய்னு ஒரு வார்த்தை கூட வரக்கூடாது. ட்ரிப் ஆனா தண்ணி நிக்கறது நெஜம்தானே.

மூணாவது தடவைலேர்ந்து கை வேலை. ரெண்டு கருவி.

ஒண்ணு, அளவு கட்டறது. கீழ குந்தினா எவ்வளவு நேரம் தாங்குதுன்னு மூணு நாள் குறிச்சுட்டு வரச் சொல்லுங்க. 20, 12, 16 நிமிஷம்னா சராசரி 16. அதுல 80 சதவீதம், கிட்டத்தட்ட 13 நிமிஷம், அங்க ஆரம்பம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் ஏத்தணும். வலி கம்மியா இருக்கற நாள்லயும் கணக்கைத் தாண்டக் கூடாது, கூடுதலா இருக்கற நாள்லயும் அடியில போகக் கூடாது. கெட்டுப்போறது எப்பவும் நல்ல நாள்லதான்: அன்னைக்கு வீடு பூராத் துடைச்சு, போர்வை எல்லாம் அடிச்சுத் துவைச்சுட்டு, ரெண்டு நாள் படுத்துடுவாங்க. அப்புறம் ‘நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், ஏறிப்போச்சு’ன்னு வருவாங்க.

ரெண்டு, பயத்துக்கு ஏணி. தண்ணிக் குடம் தூக்கப் பயம்னா, பயத்துக்கு 0–10 மதிப்பெண் கேட்டு படி கட்டுங்க: முக்காலி மேல இருக்கற காலிக் குடத்தைத் தொடறது, தூக்கறது, தரையிலேர்ந்து காலிக் குடம், முக்காலியிலேர்ந்து மூணு லிட்டர், தரையிலேர்ந்து மூணு லிட்டர், அப்புறம் தடவைக்கு ரெண்டு லிட்டர் கூட்டி. முதல் படி கண்டிப்பா உங்க முன்னாடிதான். அந்தப் படியில பயம் 3-க்கு இறங்கினா அடுத்தது. வலி எவ்வளவுன்னு கேக்காதீங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சு, இடுப்பைப் பலகை மாதிரி விறைச்சுக்கிட்டு தூக்கினாங்கன்னா அந்தப் படி ஏறினதா கணக்கு இல்ல. குடத்தைப் புடிச்சுக்கிட்டே மருமக பேரைச் சொல்லச் சொல்லுங்க, மூச்சு தானா விடுவாங்க.

எங்க பக்கம் இலக்கு கேட்டா நெறைய பேர் நாற்காலியை விட்டு கீழ தொழுகணும்னு சொல்வாங்க. அது அருமையான ஏணி: நின்னுக்கிட்டு ருகூஉ (குனியறது), அப்புறம் ஒரு அடி உயரத் தலைகாணி அடுக்கு மேல சஜ்தா (நெத்தியை வைக்கறது), வாரம் ஒரு தலைகாணியை உருவறது. நாளைக்கு அஞ்சு வேளை பயிற்சி நாம சொல்லாமலே நடக்கும்.

நாலாவது தடவை வீட்டாளு ஒருத்தர் கூட வரணும். ‘நீ எதையும் தொடாத’ன்னு அன்பாச் சொல்ற மகன்தான் பெரிய தடை. அவர்கிட்ட ஒரே வேலை குடுங்க: வலி எப்படி இருக்குன்னு கேக்கறதை விட்டுட்டு, இன்னைக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கேக்கணும். அஞ்சாவது வேலைக்குத் திரும்பறது. ஆறாவது, வலி திடீர்னு ஏறினா முதல் ரெண்டு நாள் என்ன பண்றதுன்னு அவங்க வாயாலேயே சொல்லவெச்சு அவங்க கையெழுத்துல எழுதி வாங்கறது. எழுதத் தெரியலன்னா போன்ல அவங்க குரல்லயே பதிவு.

துணைக்கூட்டல் 4, 5 வந்த எல்லார்கிட்டயும் பி.எச்.க்யூ.-ங்கற மனச்சோர்வுத் தாளோட ரெண்டு கேள்வி கேட்டுடுங்க. 3-ஓ அதுக்கு மேலயோ வந்தா அதோட ஒன்பது கேள்வித் தாள். அதுல சாவைப் பத்தின கடைசிக் கேள்விக்கு ‘இல்ல’ தவிர எந்தப் பதில் வந்தாலும், அன்னைக்கே மனநல மருத்துவருக்கு, கூட ஒரு ஆளோட. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் போன்ல பதிஞ்சு குடுங்க. இது நம்ம 45 நிமிஷத்துல தீர்ற விஷயம் இல்ல.

---

குடியாத்தம்_பிசியோ:

நன்றி எல்லாருக்கும். பன்னெண்டேகால் இடத்தைத் திங்கள்லேர்ந்து ஒதுக்கிடறேன். ரெண்டு சந்தேகம் பாக்கி. நேத்துதான் புடிச்சுகிச்சுன்னு வர்றவர் எப்பவும் 7, 8 வாங்கறார். அவரையும் உயர் ஆபத்துலயே வைக்கணுமா? நடுத்தரத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?

---

பாலாறு_முதுகு:

நேத்து புடிச்சவர் அந்த நிமிஷத்து வலியைத்தான் எழுதுவார். நடக்க முடியல, உடுத்த முடியல, பயமா இருக்கு, எல்லாமே நெஜம், ஆனா பத்து நாள்ல பாதி கரைஞ்சுடும். அவசர அறிகுறி இல்லன்னா, குறைந்த ஆபத்துக்காரருக்குச் செய்யற பரிசோதனை, பேச்சு, டாக்டர் சொன்ன மாத்திரை; ரெண்டு வாரம் கழிச்சு தாளைத் திரும்ப நிரப்புங்க. அந்த ரெண்டாவது மதிப்பெண்ணை வெச்சுப் பிரிங்க. மத்தவங்களுக்கும் நாலாவது வாரத்துல ஒரு தடவை திரும்பப் போடணும். முதல்ல போட்டதோட தாளை ஃபைல்ல மூடறதுதான் எல்லா இடத்துலயும் நடக்குது.

நடுத்தரம் உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான், அதான் யாரும் சொல்லல. கால்ல இறங்கற வலியா இருந்தா குப்புறப் படுக்க வெச்சு, கையூன்றி மார்பைத் தூக்கச் சொல்லுங்க, பத்துப் பத்தா மூணு சுத்து. வலி பாதத்துலேர்ந்து தொடைக்கும், தொடையிலேர்ந்து இடுப்புக்கும் ஏறி வந்தா அதுதான் அவருக்கு மருந்து, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து. இடுப்புல வலி கொஞ்சம் கூடினாலும் பரவால்ல, கால் வலி விட்டுப்போகணும். கீழ இறங்கினா உடனே நிறுத்துங்க, அந்தத் திசை அவருக்கு ஆகாது. பெல்ட்டும் இழுவையும் (எடை கட்டி இடுப்பை இழுக்கறது) இங்கயும் வேண்டாம், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், இழுவை, பெல்ட் நாலையுமே 2016-ல இங்கிலாந்தோட நைஸ்ங்கற மருத்துவ அமைப்பு போட்ட வழிகாட்டி வேண்டாம்னு சொல்லியாச்சு. கட்டை விரல் பலம் ஒவ்வொரு தடவையும் பாத்துக் குறிங்க. வாரத்துக்கு வாரம் குறைஞ்சா பயிற்சியை நிறுத்திட்டு அறுவை நிபுணர்கிட்ட அனுப்பணும்.

---

கணக்குப்புலி_காட்பாடி:

ஐ.எஃப்.டி.-யை ஒரே நாள்ல தூக்கிட்டீங்கன்னா வெளியில சண்டை வரும். பழைய ஆட்களுக்கு ஒத்தடத்தை மட்டும் பத்து நிமிஷம் விட்டுவைங்க, அந்தப் பத்து நிமிஷத்துல அவர் கட்டில் பக்கத்துலயே நில்லுங்க. புது ஆட்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே காட்டாதீங்க. அப்புறம் ரெஜிஸ்டர்ல நாலு கட்டம் போட்டுக்கங்க: மொத்தம், துணைக்கூட்டல், நாலாம் வார மதிப்பெண், எத்தனை தடவை வந்தார். மூணு மாசம் கழிச்சுக் கடைசிக் கட்டத்தைப் பாருங்க. அ, ஆ, இ மூணுலயும் அதே எண் இருந்தா, இன்னும் பழைய வைத்தியம்தான் நடக்குது.